பத்து வயதில் மாறிய இனம்

தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 'வெள்ளையர்' யார் என்பதற்கு அதில் இருந்த விளக்கத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியதாப் போச்சு. பார்த்தாலே வெள்ளையர் என்று தெரியணும்; இல்லாட்டி ஊரார் அப்படி ஏற்றுக்கொண்டிருக்கணும். தோற்றம் வெள்ளையாகவே இருந்தாலும், ஊரார் 'கலப்பினம்' என்று நினைத்தால் அவர் வெள்ளையர் இல்லை. அதாவது, யாருக்குப் பிறந்தோம் என்பதைவிட அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்பதுதான் முக்கியம்.

இந்த விளக்கம் ஒரு குழந்தையை என்ன செய்தது என்று அறிய சாண்ட்ரா லைங் கதையைப் பார்க்கணும். 1955இல் கிழக்கு டிரான்ஸ்வாலில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் வெள்ளையர்கள். நிறவெறி அரசை நடத்திய தேசியக் கட்சியின் ஆதரவாளர்கள். ஆனால் பிள்ளைக்கு மாநிறம், சுருட்டை முடி. வீட்டில் யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கல. வெள்ளையர் விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் கேலி தொடங்கியது. மற்ற பெற்றோரும் புகார் சொன்னார்கள். 1966இல், பத்து வயதில், இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து வீட்டில் விட்டார்கள். பதிவேட்டில் அவர் 'கலப்பினம்' ஆகிவிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. காலையில் வெள்ளைக்காரச் சிறுமி. வீடு வந்து சேரும்போது வேறு இனம். தான் என்ன தப்பு பண்ணினோம் என்று அந்தக் குழந்தை யாரிடம் போய்க் கேட்கும்?

அப்பா விடவில்லை. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார், வழக்குப் போட்டார். 1967இல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்றால் பிள்ளையும் வெள்ளையரே என்றானது. சாண்ட்ரா காகிதத்தில் மறுபடி வெள்ளையரானார். ஊர் ஏற்கவில்லை. பதின்வயதிலேயே ஒரு கறுப்பினத்தவரோடு சுவாசிலாந்துக்குப் போனார். அப்பா உறவை அறுத்துக்கொண்டார். சாகும்வரை மகளைப் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் 2000இல் சந்திக்க முடிந்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். மகளுக்காக அவ்வளவு போராடிய மனுஷன், இனம் பிரிப்பதே தப்பு என்று வாதாடவில்லை. என் மகளைத் தப்பான பக்கத்தில் சேர்த்துட்டீங்க என்றுதான் வாதாடினார். அந்தச் சட்டம் ஒழிய 1991 வரை ஆச்சு.