நிக்கியைக் காப்பாற்றின கமராக்கள்

போன கிழமை விடியப்புறம் ரெண்டு மணிக்கு ‘வாட்ச் டோக்ஸ்’ கேமில நிக்கியை ஒருமாதிரி மீட்டுட்டன். 2014 இல் யுபிசொஃப்ட் வெளியிட்ட கேம். கதை நடக்கிறது சிக்காகோவில. ஏய்டன் பியர்ஸின்ர தங்கச்சிதான் நிக்கி. அவளைக் கடத்தினவன் ஏய்டனின்ர பழைய கூட்டாளி டேமியன். நகரம் முழுக்க ‘சிடிஓஎஸ்’ எண்ட ஒரே கணினி அமைப்புக்குள்ள இருக்கு. அதை ஹக் பண்ணி, கமராவுக்குள்ளால காவல்காரர் எங்க நிக்கினம் எண்டு பார்த்துத்தான் நகரோணும்.

சந்தோசம் அடங்கினாப் பிறகு ஒரு கேள்வி வந்தது: இவ்வளவு கமராவையும் ஒரு நகரம் ஏன் ஏற்றுக்கொண்டது?

கேம் சொல்லுற காரணம் 2003 மின்தடை. ஒரு ஹக்கர் அதைச் செய்தார், அதுக்குப் பிறகுதான் எல்லாத்தையும் கட்டுப்படுத்த சிடிஓஎஸ் வந்தது எண்டு கதை.

மின்தடை உண்மை. 2003 ஆகஸ்ட் 14 இல் வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருட்டில இருந்தார்கள். ஆனால் ஹக்கர் ஒருவரும் இல்லை. ஒஹாயோவில் ஒரு மின்நிறுவனம் மரங்களை ஒழுங்காக வெட்டாமல் விட்டிருந்தது. உயர் அழுத்தக் கம்பிகள் அதில முட்டின. அந்த நேரம் பார்த்து எச்சரிக்கை மென்பொருளும் சத்தமில்லாமல் செயலிழந்தது. கட்டுப்பாட்டு அறையில இருந்தவர்களுக்கு ஒண்டும் தெரியாது. இரு நாடுகளின் கூட்டு விசாரணை 2004 இல் சொன்னது இதைத்தான். சிக்காகோவில அண்டைக்குக் கரண்ட் போகவேயில்லை!

சிக்காகோவின்ர சொந்த வரலாறு வேற. அங்க பொலிஸின் ‘ரெட் ஸ்குவாட்’ பிரிவு பல தசாப்தங்களாகத் தொழிற்சங்கக்காரரையும் சிவில் உரிமைச் செயற்பாட்டாளரையும் வேவு பார்த்தது. வழக்குப் போட்டு, 1982 இல் நீதிமன்றக் கட்டளை மூலம் அதுக்குக் கடிவாளம் போட்டார்கள். 2001 இல் அந்தக் கட்டளை தளர்ந்தது. 2003 இல் குற்றம் கூடின தெருக்களில் நீல வெளிச்சம் மின்னுற பொலிஸ் கமராக்கள் ஏறின. 2011 இல் ஒரு சிவில் உரிமை அமைப்பு, நகரத்தில் இணைக்கப்பட்ட கமராக்கள் குறைந்தது 10,000 எண்டு கணக்கிட்டது.

வில்லன் ஒருத்தன் இருந்தால் காவல்காரனும் தேவை எண்டு நாங்கள் லேசாக நம்பிவிடுவோம். வெட்டாத மரத்தைக் கதையாக்கி ஆர் விளையாடுவான்? ஆனால் கவனக்குறைவால வந்த இருட்டுக்குக் கமரா மருந்தில்லை.

நிக்கியிட்டப் போற வழியில தெருவில போன ஆக்களின்ர பெயர், தொழில், சம்பளம் எல்லாம் என்ர ஃபோனில விழுந்தது. சிலபேரின்ர பாங்க் காசையும் எடுத்தன். தங்கச்சியைக் காப்பாற்றுறன்தானே எண்டு ஒருக்காலும் யோசிக்கேல்ல. ரெட் ஸ்குவாட்காரரும் தங்களை மீட்பர்கள் எண்டுதான் நினைச்சிருப்பினம்.