விட்டுவிட்டு வரும் அலையில் விடாமல் ஓடும் பாடம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. மறு ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதன் பாடங்கள் யூடியூப் வழியாகவும் மாணவரைச் சென்றடைந்தன. செல்பேசியில் பாடம் பார்க்கும் பழக்கம் அப்போது வேரூன்றியது. தேனி அல்லிநகரத்திலிருந்து குமுளி வரை நீளும் பள்ளத்தாக்கில் இப்பாடங்கள் தடையின்றி ஓட, இணைய வேகத்தை உயர்த்தினால் மட்டும் போதாது. இணைப்பு அறுபடும் என்பதை முன்னரே கணக்கில் கொண்டு கோப்பை அமைப்பதே முதல் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மலையும் அலையும்

பள்ளத்தாக்கின் மேற்கே போடி மலைகள், கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர்கள், வடக்கே பழனி மலை. 4ஜி சேவை பயன்படுத்தும் 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மலையை ஊடுருவுவதில்லை. அதைச் சுற்றி வளைந்து செல்லும் ஆற்றலும் அவற்றுக்குக் குறைவு. அதனால்தான் போடிமெட்டுச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுதாகத் தெரியும் சிக்னல் அடுத்த வளைவில் அடியோடு மறைகிறது.

டவரிலிருந்து விலகி இருப்பவருக்கு வேறொரு பாதகமும் உண்டு. சிக்னல் வலுவாக உள்ளபோது ஒரு குறியீட்டில் 6 பிட் அனுப்பும் டவர், சிக்னல் நலிந்ததும் 2 பிட் மட்டுமே அனுப்புகிறது. அதே காணொலிக்குக் குறைந்தது மூன்று மடங்கு அலைநேரம் செலவாகிறது. அதே டவரை நம்பியிருக்கும் பிறரின் பங்கும் சுருங்குகிறது.

2. இழப்பும் தாமதமும்

இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளுள் ஒன்றான டிசிபி, தரவுப் பொட்டலம் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைக்கும். வான் ஜேக்கப்சன் 1988இல் விளக்கிய இம்முறை கம்பிவழி இணைப்புக்குப் பொருந்தியது. கம்பியில்லா இணைப்பிலோ நெரிசலே இல்லாமலும் பொட்டலம் தொலையும். மாத்திஸ் குழுவினர் 1997இல் தந்த வாய்பாட்டின்படி, 1,460 பைட் பொட்டலம், 100 மில்லிநொடி சுற்றுநேரம், 1 விழுக்காடு இழப்பு என்று கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிட் கிடைக்கும். இழப்பு 4 விழுக்காடானால் அது பாதியாகும். 4ஜியில் தொலைந்ததை டவரே மறுபடி அனுப்பி இழப்பை மறைக்கிறது. ஆனால் அந்த இழப்பு ஏறி இறங்கும் தாமதமாக உருமாறித் திரையில் சுழலும் வட்டமாக வெளிப்படுகிறது.

3. தேக்கி வைத்தல்

ஆப்பிளின் ஹெச்எல்எஸ் (2009), எம்பெக்-டாஷ் (2012) ஆகிய முறைகளில் காணொலி சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வைக்கப்படுகிறது. எந்தத் தரத்தைக் கேட்பது என்று செல்பேசியின் இயக்கி முடிவுசெய்கிறது. கடந்த சில நொடிகளின் வேகத்தைப் பார்த்து முடிவெடுப்பது ஒரு வழி. கையிருப்பில் எத்தனை நொடிக் காட்சி உள்ளது என்று பார்ப்பது இன்னொரு வழி. தே-யுவான் ஹுவாங் குழுவினர் நெட்ஃபிளிக்ஸில் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், கையிருப்பு வழி காட்சி நின்றுபோவதை 10 முதல் 20 விழுக்காடு வரை குறைத்தது.

மலைச்சாலையில் கடந்த வளைவின் வேகம் அடுத்த வளைவைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே இரண்டாம் வழியே இங்கு ஏற்றது. ஆற்றில் நீர் வரும்போது கண்மாயை நிரப்பிக்கொள்ளும் பாசன முறையே இது. நொடிக்கு 300 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடக் கையிருப்புக்கு 2.25 மெகாபைட் போதும். 30 நொடிக் கையிருப்பு 40 நொடித் துண்டிப்பில் தோற்கும். ஒரு நிமிடக் கையிருப்பு தாங்கும்.

4. குரலும் எழுத்தும்

பத்து நிமிடப் பாடம் நொடிக்கு 1 மெகாபிட் தரத்தில் 75 மெகாபைட். 24 கிலோபிட் ஒலியாக மட்டும் இருந்தால் 1.8 மெகாபைட். பாடத்தின் உயிர் ஆசிரியரின் குரல். படம் உறைந்தாலும் குரல் தொடர்ந்தால் மாணவர் பாடத்தை விடமாட்டார். ஒலியைத் தனித் தடமாக வைக்க மேற்சொன்ன இரு முறைகளும் இடம் தருகின்றன. 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து வரும் அகில இந்திய வானொலியின் பண்பலை பள்ளத்தாக்கில் பெற்ற செல்வாக்கு, குரல் ஒன்றே எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சான்று.

எழுத்துக்கும் இதே கவனம் தேவை. 240 வரித் திரையில், திரை உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள எழுத்துக்கு 8 வரிகளே கிடைக்கும். அதில் புள்ளி மங்கிப் போகும். ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாது. பத்தில் ஒரு பங்கு உயரத்தில் எழுதினால் 24 வரிகள் கிடைக்கும். புள்ளியும் கொம்பும் தெளிவாகத் தெரியும். எனவே தடையற்ற ஸ்ட்ரீமிங் படப்பிடிப்புக் கூடத்தின் கரும்பலகையிலேயே தொடங்கிவிடுகிறது.

5. ஒரு மறுப்பும் விடையும்

வேகம் பெருகினால் சிக்கல் தானே தீரும் என்பர். அகலப்பட்டைக்கான குறைந்தபட்ச வேகம் 2023இல் 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் 300 கிலோபிட் பாடத்தை நிறுத்துவது வேகக்குறைவு அன்று, அறுபடும் இணைப்பு. 5ஜியின் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை மலைமறைவில் இன்னும் நலிவடையும். 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தமிழ்நாடு ஃபைபர்நெட் திட்டமே உறுதியான துணை. இழை வந்து சேரும் ஊராட்சியிலும் பள்ளியிலும் பாடக் கோப்புகளைச் சேமித்து வைத்தால், கம்பியில்லா அலை கடக்க வேண்டியது கடைசிச் சில மீட்டர்களே.

முடிவுரை

இணைப்பின் தரத்தை உச்ச வேகத்தால் அளப்பது மலையடிவார ஊர்களுக்கு நீதியாகாது. ஒரு மணி நேரப் பாடத்தில் எத்தனை நொடி காட்சி நின்றது என்பதே சரியான அளவுகோல். பொதுப் பணத்தில் உருவாகும் ஒவ்வொரு பாடமும் ஒலி மட்டுமான கோப்போடும், 240 வரியிலும் படிக்கத்தக்க எழுத்தோடும், தரவிறக்கும் வசதியோடும் வெளிவர வேண்டும். இதற்குப் புதிய டவர் தேவையில்லை. பாடம் தயாரிப்போரின் முடிவே போதும். அந்த முடிவைப் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கல்வியாண்டிலேயே எடுக்க வேண்டும்.