துரத்தாதே

பிரிட்டனில் பள்ளிக்கூட நர்ஸ் போதையைப் பார்ப்பதற்காக வந்தவரல்ல. 1892இல் எமி ஹியூஸ் லண்டனின் ட்ரூரி லேன் பள்ளிக்குப் போய்வந்தது தொண்டு. அதை அரசு எடுத்துக்கொண்டது போயர் யுத்தத்துக்குப் (1899–1902) பிறகு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போனால் ஏழை வீட்டுப் பையன்கள் உடம்பு தேறவில்லை. 1907 சட்டம் பள்ளிகளில் மருத்துவச் சோதனையைக் கொண்டுவந்தது. தலைமயிரைப் பிரித்துப் பேன் பார்த்த நர்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'நிட்டி நோரா'. ஈர்க்கார நோரான்னு வைத்துக்கொள்ளலாம். கண்காணிக்கும் கையை அதுகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1970களில், 80களில் பையன்கள் பசையை முகர்ந்தார்கள், பிறகு லைட்டர் கேஸை. வீட்டுக்கு வீடு இருக்கிற பொருளைச் சட்டம் எப்படித் தடுக்கும்? முகரத்தான் வாங்குகிறார்கள் என்று தெரிந்தே 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதை மட்டும் 1985 சட்டம் குற்றமாக்கியது. 1990இல் செத்தவர்கள் 152 பேர். அதுதான் உச்சம்.

இதில் பல சாவுகள் திடீர்ச் சாவுகள். பியூட்டேன் மாதிரி வாயு இதயத்தை அட்ரினலினுக்குக் கூசவைக்கிறது. அந்த நேரத்தில் அதட்டினால், விரட்டினால், பயந்து ஓடுகிறவனின் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். ஆகவே நர்ஸுகளின் பாடம் இது: கத்தாதே, துரத்தாதே, காற்றோட்டமாக உட்காரவை, கூடவே இரு. போலீஸ்காரனின் ஓட்டமே கொல்லக்கூடும் என்று உடலியல் சொல்லிற்று. இதை நாம் சித்தாந்தத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அதே 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபையின் கில்லிக் தீர்ப்பு. வழக்கு கருத்தடை பற்றியது. விஷயம் புரிந்தவரென்றால் 16 வயதுக்குக் கீழிருப்பவரும் பெற்றோரைக் கேட்காமல் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்றானது. நர்ஸின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் கிடைத்தது இப்படித்தான். (ரகசியம் முழுசல்ல. உயிருக்கு ஆபத்தென்றால் வெளியே சொல்லியாக வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

'செடி உரம்' என்ற பெயரில் விற்ற மெஃபெட்ரோன் 2010 ஏப்ரலில் தடைசெய்யப்பட்டது. 2016 சட்டமோ மனநிலையை மாற்றுகிற எதையும் விற்கக்கூடாது என்றது. சாராயம், நிகோட்டின், காபி விலக்கு! எது போதை என்பதை வேதியியலா தீர்மானித்தது? ஆனாலும் கையில் வைத்திருப்பது அப்போது குற்றமாகவில்லை.

சிரிப்பு வாயு விஷயத்தில் 2023 நவம்பரிலிருந்து அதுவும் குற்றம். அந்த வாயு பி12ஐச் செயலிழக்கச் செய்து தண்டுவடத்தைக் கெடுக்கிறது. சீக்கிரம் தெரிந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றலாம். கால் மரத்துப்போகிறதா, எத்தனை பலூன் என்று நர்ஸ் கேட்டாக வேண்டும். இப்போது பையன் பதில் சொல்ல யோசிப்பான். கேட்கவும் ஆளில்லை: 2010களில் பள்ளி நர்ஸுகளின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டார்கள்.