சின்னமனூர்ச் செப்பேடும் கல்லூரி நூலகமும்

ஆராய்ச்சிக்கு அடிப்படை சான்று. அச்சான்று இருக்குமிடத்தை அறிந்து, அதனை நேரிற் கண்டு, அது கூறுவதையும் கூறாததையும் பிரித்தறிதலே ஆராய்ச்சியின் முதற்படி. இப்படியிற் பயின்றேறாமல் கருத்துரைக்கத் தொடங்குவோர், பிறர் கூறியதையே தாமும் கூறி, பிறர் பிழையையும் தம் பிழையாக்கிக் கொள்வர். கல்லூரி நூலகம் இப்பயிற்சிக்குரிய களமாகும். அதனைப் பயன்கொள்ளும் முறையைக் கம்பம் பள்ளத்தாக்கிற் கிடைத்த ஓர் ஆவணத்தைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஓடைப்பட்டி என் ஊர். அதன் அண்மையில் உள்ளது சின்னமனூர். அரிகேசரிநல்லூர் எனப் பண்டு வழங்கிய அவ்வூர், அளநாட்டைச் சார்ந்தது. அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைப் பற்றி முனைவர்ப் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் யான் ஒரு கட்டுரை எழுதினேன். முச்சங்கங்கள் இருந்தமைக்குச் சின்னமனூர்ச் செப்பேடு சான்று பகர்கின்றது என்பது அதன் முடிபு. படித்துப் பார்த்த என் நெறியாளர், “சின்னமனூர்ச் செப்பேடுகள் இரண்டு. நீர் கூறுவது பெரியதோ, சிறியதோ? அதனைக் கண்டீரா?” என்று வினவினார். யான் கண்டது வேறொரு நூலின் மேற்கோளையே. அம்மேற்கோளும் பிறிதொரு நூலினின்று எடுக்கப்பட்டது. என் ஊருக்கு அருகிற் கிடைத்த ஆவணத்தை மூன்றாமவர் வாய்மொழியாக மட்டுமே அறிந்திருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

பின்னர் மூலத்தைத் தேடத் தொடங்கினேன். தமிழிலக்கிய அடுக்கில் அது கிடைக்கவில்லை, கிடைக்கவும் இயலாது. 1876இல் மெல்வில் தூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையைக் கைக்கொள்ளும் நூலகங்களில் தமிழிலக்கியம் 894.811 என்னும் எண்ணிலும், தமிழ்மொழி 494.811 என்னும் எண்ணிலும், இந்திய வரலாறு 954 என்னும் எண்ணிலும் நிற்கும். செப்பேட்டுத் தொகுதிகள் பெரும்பாலும் வரலாற்று அடுக்கினைச் சார்ந்தவை. தமிழாய்வாளனுக்கு வேண்டும் சான்றுகள் ஓரடுக்கில் அடங்கா என்பதே நூலகம் கற்பித்த முதற்பாடம்.

அடுத்தது பெயர் பற்றிய பாடம். மத்திய அரசின் கல்வெட்டுத் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் நான்காம் பகுதியில் இச்செப்பேடுகள் உள்ளன. அதனைப் பதிப்பித்தவர் கிருஷ்ண சாஸ்திரியார். ஆனால் ஆங்கில அகரநிரலில், இன்று அரசு வழங்கும் எழுத்துமுறைப்படி ‘சி’ எழுத்தின்கீழ்த் தேடினால் சின்னமனூர் அகப்படாது; அப்பதிப்பில் அஃது ‘எஸ்’ எழுத்திற் தொடங்குகின்றது. தேனி மாவட்டம் என்று தேடுவதும் வீண். அது மதுரை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது 1996இல். பழைய வெளியீடுகளிலோ நம் ஊர்கள் மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் வட்டத்தின்கீழ் வரும். எனவே, தேடும் பொருளின் இன்றைய பெயரோடு, நூல் வெளிவந்த காலத்துப் பெயரும் எழுத்துமுறையும் ஆட்சிப்பிரிவும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வறிவின்றித் தேடுவோன், உள்ள நூலையும் இல்லையெனக் கொள்வான்.

எண்ணிலும் மயக்கம் உண்டு. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் 1887 முதல், கண்டறியப்பட்ட ஆவணங்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வந்தன. இத்தனையாம் ஆண்டின் இத்தனையாம் எண் என ஆய்வு நூல்களில் வருவது அவ்வறிக்கையின் எண். தொகுதியில் அச்சான ஆவணத்தின் வரிசை எண் அதனின் வேறு. முன்னதைப் பின்னதாகக் கொண்டு தேடி, மேற்கோள் தவறென்று முடிவு செய்வாரும் உளர்.

இனி, மூலம் கூறுவது யாது எனக் காண்போம். பெரிய சின்னமனூர்ச் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆண்ட இராசசிம்ம பாண்டியனது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப்பகுதி வட்டெழுத்திலும் அமைந்தவை. தமிழ்ப்பகுதியில், முன்னோராகிய பாண்டியர் ஆற்றியனவாகச் சில செயல்கள் அடுக்கப்பட்டுள்ளன. மதுரையிற் சங்கம் நிறுவியமையும், பாரதத்தைத் தமிழிற் செய்வித்தமையும், தலையாலங்கானத்துப் பெற்ற வெற்றியும் அவற்றுள் அடங்கும்.

இதனால் மூன்று செய்திகள் புலனாகும். ஒன்று, சங்கம் நிறுவியது இராசசிம்மன் செயலன்று. அவன் முன்னோர் செயலாகவே கூறப்படுகின்றது. இரண்டு, சங்கம் ஒன்றெனவோ மூன்றெனவோ செப்பேடு எண்ணிச் சொல்லவில்லை. முச்சங்க வரலாற்றை விரித்துரைப்பது இறையனார் களவியலுரை. உரை கூறியதை ஏடு கூறியதாக யான் ஏற்றிக் கூறிவிட்டேன். மூன்று, சங்க காலத்திற்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்டது இவ்வேடு. ஆதலின் சங்கம் இருந்தமைக்கு உடன்காலச் சான்றாகாது. எனினும், பத்தாம் நூற்றாண்டிற் பாண்டியர் அவை தன் குலப்பெருமையாகச் சங்கத்தைப் போற்றியது என்பதற்கு ஐயமற்ற சான்றாகும். இம்முடிபு முன்னதினும் சிறியது, ஆயினும் உறுதியானது. சிறிதாயினும் உறுதியான முடிபே ஆராய்ச்சிக்கு வேண்டுவது.

மூலத்தைக் கண்டவுடன் தேடல் முடிந்துவிடுவதில்லை. தமிழ் வரலாற்றுக் கழகம் 1967இல் வெளியிட்ட ‘பாண்டியர் செப்பேடுகள் பத்து’ என்னும் நூலோடு முன்னைப் பதிப்பை ஒப்பிடல் வேண்டும். அதன்பின் கண்டறியப்பட்டவற்றையும் நோக்குதல் வேண்டும். 2006இல் தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். தொல்காப்பியம் வெட்சித்திணையில் கூறும் ஆகோள் என்னும் சொல் அவற்றுள் ஒன்றிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1967ஆம் ஆண்டு நூலோடு நின்றுவிட்டவன் இதனை அறியான்.

நூலகத்தை இவ்வாறு பயன்கொள்ளக் கற்பித்தல் ஒரு தனிக்கலை என்பதைத் தமிழகம் முன்னரே கண்டுள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியிற் கணக்கு ஆசிரியராயிருந்த சீர்காழி இரா. அரங்கநாதனார், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று மீண்டார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். படிப்போர் காலம் வீணாகலாகாது என்பதும், நூலகம் வளரும் உயிர் போன்றது என்பதும் அவ்விதிகளுட் சேர்ந்தவை. ‘எஸ்’ எழுத்தை அறியாது யான் கழித்த நாள்கள் முன்னதற்கும், புலிமான்கோம்பை பின்னதற்கும் எடுத்துக்காட்டாகும். நூலைக் காப்பவர் மட்டும் அல்லர் நூலகர். படிப்பவனையும் நூலையும் கூட்டுவிப்பவர் என்பதே அவர் வற்புறுத்திய கொள்கை.

எங்கள் பள்ளத்தாக்கில் 1956இல் உத்தமபாளையத்தே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றியது. அதன்பின் மேலும் பல கல்லூரிகள் தோன்றியுள்ளன. அரிய தொகுதிகள் எல்லாக் கல்லூரிகளிலும் இருத்தல் அரிது. ஆயினும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்துள்ள சோத்கங்காவும் இன்று அக்குறையைப் பெரிதும் போக்குகின்றன. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: மின்வடிவிலும் ‘எஸ்’ எழுத்துச் சிக்கல் நீங்கவில்லை. பொறி படித்த எழுத்திற் பிழை மலிந்திருத்தலின், சொல்லைத் தேடி இல்லையெனக் கண்டவர், பக்கத்தைப் புரட்டியும் பார்த்தல் வேண்டும்.

முதுகலை முதற் பருவத்து மாணவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊருக்கு அருகிற் கிடைத்த கல்வெட்டு ஒன்றைக் கொடுத்து, அது குறிப்பிடப்பட்ட நூலின் அடிக்குறிப்பினின்று மூலப் பதிப்புவரை சென்று வருமாறு பணித்தல் நலம். சென்ற வழியையும், தவறிய இடங்களையும் அவர் எழுதிக் காட்டுதல் வேண்டும். அதனால் நூலகமும் பழகும். தம் ஊரின் வரலாறும் தம் கண்ணாற் கண்டதாகும். அளநாட்டின் ஏட்டைப் பிறர் நூல்வழி மட்டுமே அறிந்திருந்த என் நிலை அவர்க்கு வாராதிருக்கச் செய்தல் ஆசிரியர் கடனாகும்.