கரைக்காவலும் மாலைப் பொழுதும்: மன்னார் மாணவரிடையே போதைத் தடுப்பு

இலங்கையின் தலைமன்னாருக்கும் இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலே உண்டு. 1914இல் தொடங்கிய பயணிகள் கப்பற் சேவை 1980களில் நின்றுபோனாலும் களவு வழி ஓயவில்லை. கேரளக் கஞ்சாவும் போதை மாத்திரையும் பீடி இலையும் இக்கரையில் அடிக்கடி பிடிபடுகின்றன. இவற்றைப் பிடிக்கும் கடற்படையின் பணி இன்றியமையாதது. ஆயினும் கைப்பற்றல் சரக்கின் வரவைத்தான் தடுக்கும்; மாணவர் அதை நாடும் காரணத்தைத் தொடாது. பாடசாலை விட்ட பின் பிள்ளைகள் எங்கே, யாரோடு இருக்கிறார்கள் என்பதிலேயே தடுப்பு தங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நடுக்கடலில் படகு மாறும் பொதி கரைப்பற்றைக்குள் ஒளிக்கப்பட்டு, பின்பு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அவற்றைக் காவிச் செல்லக் கைபேசியும் மோட்டார் சைக்கிளும் உள்ள இளைஞர் வேண்டும். முதற்பொட்டலம் சும்மா கிடைக்கும், அடுத்தது கடனாகும், அந்தக் கடனைக் கழிக்க மாணவரே காவுபவராகிறார். ஆகவே வியாபாரி மாணவரிடம் தேடுவது வாடிக்கையாளரை மட்டுமன்று, வேலையாளையும்தான்.

சட்டம் இங்கு இரு முகம் காட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடைசெய்து, பொறுப்பை விற்பவர்மீது சுமத்துகிறது. உயர்தர வகுப்பினர் அநேகமாக எல்லோரும் இவ்வரம்புக்குள் வருவர். மதுபானசாலையில் வயதை உறுதிசெய்தாலே பெரும்பயன் கிட்டும். போதைப்பொருட் சட்டமோ கடுமையானது: 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராமுக்கு மேற்பட்ட ‘ஐஸ்’ (மெத்தம்பெற்றமின்) வைத்திருப்பது மரண தண்டனை வரை கொண்டுசெல்லும். பொலிசுக்குத் தெரிந்தால் படிப்புப் போய்விடும் என்றஞ்சும் குடும்பம் பிள்ளையின் நோயை மறைக்கிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சைக்கு வழி திறந்திருந்தும், அந்த வாசல்வரை பிள்ளையை அழைத்துச் செல்ல நம்பிக்கையான ஒருவர் வேண்டும்.

ஐஸ்லாந்து தரும் பாடம் கவனத்துக்குரியது. அங்கு 15, 16 வயதினரில் முந்திய மாதம் குடித்து வெறித்தோர் 1998இல் 42 வீதம். 2016இல் 5 வீதம். பிள்ளைகள் பெற்றோருடன் கழிக்கும் நேரத்தைக் கூட்டியதும், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்ததும், ஆய்வு முடிவுகளை அந்தந்த ஊருக்கே திருப்பியளித்ததும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றன. இதை அப்படியே மன்னாருக்குப் பெயர்க்க இயலாது. இங்கு தகப்பன் இரவில் கடற்றொழிலுக்குப் போவார். பெற்றோரின் நேரத்தை நாமாகக் கூட்டிவிட முடியாது. அந்த இடைவெளியைக் கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் பகிர்ந்தேற்க வேண்டும். உதைபந்தாட்டத்தில் ஊறிய இம்மாவட்டத்தில் கழகங்களே மிகப் பெரிய துணை. ஆனால் வெற்றிக் கொண்டாட்டத்தில் போத்தல் திறக்கும் கழகம் தடுப்பைத் தானே முறியடிக்கும். மதுவற்ற கழகத்துக்கே மைதான விளக்கும் பொது நிதியும் கிடைக்கவேண்டும்.

இன்னொன்று: பிடிபட்ட மாணவரைப் பாடசாலையிலிருந்து விலக்குவது வியாபாரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதாகும். ஆலோசனை ஆசிரியரும் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவும் இணைந்து அவரை வகுப்பிலேயே தக்கவைக்க வேண்டும். வகுப்பில் இருக்கும்வரை அவரை மீட்கலாம்.