146,679

ஓர் எண்ணைக் கண்டால் கணிதத்தார் முதலில் அதன் இனத்தைத்தான் கேட்பார்கள். 146,679 ஓர் ஒற்றை எண். இலக்கங்களைக் கூட்டினால் 33; ஆகவே 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. 3, 13, 3761 என்னும் மூன்று முதன்மை எண்களின் பெருக்கம் அது (தமிழகத்து வாசகர்கள் பகா எண்கள் என்று கொள்க). தன்னைத் தவிர்த்த ஏனைய காரணிகளைக் கூட்டினால் 63,993 மட்டுமே வருகிறது. இவ்வாறு காரணிகளின் கூட்டுத்தொகை தன் அளவை எட்டாத எண்ணைக் குறைவெண் என்பர்.

வன்னியில் இந்த எண் பிறந்தது ஒரு கழித்தலில். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரு தொகைகளை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி அங்கிருந்தோர் 429,059. ஐ.நா. மனிதாபிமான அலுவலகத்தின் கணக்குப்படி, 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. மிகுதிப் பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார்.

பத்திரிகை மேசையில் நாங்கள் ஐயாயிரம், பத்தாயிரம் என்ற உருண்டைத் தொகைகளுக்குப் பழகியவர்கள். 679 என்று முடியும் எண்ணைக் கண்டதும், யாரோ ஒவ்வொருவராக எண்ணியிருக்கிறார்கள் என்று மனம் நம்பிவிடுகிறது. இந்த மிகுதியை எவரும் எண்ணவில்லை. கச்சேரிப் பதிவில் ஒருவர் கூடியிருந்தாலே விடை 146,680. அது குறைவெண்ணும் அன்று, மிகையெண். படகேறித் தப்பியோர் எத்தனை, சரணடைந்தபின் காணாமற் போனோர் எத்தனை, இறந்தோர் எத்தனை என்பதைக் கழித்தல் சொல்லாது. எனவே மேடைகளில் இதனைக் கொல்லப்பட்டோர் தொகையென முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயர் அப்படிச் சொல்லவுமில்லை.

நிவாரணத்துக்காகக் கச்சேரித் தொகை ஊதிப் பெருக்கப்பட்டது என்போரும் உண்டு. அவர்களுக்கு வேறொரு கழித்தலைக் காட்டலாம். 2009 பெப்ரவரியில் முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர், அகப்பட்டிருந்தோர் சுமார் 330,000 என்றார். கொழும்பு அதை ஏற்கவில்லை. சுமார் 70,000 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கொழும்பின் தொகையிலிருந்து பின்னர் வெளியே வந்தவர்களைக் கழித்துப் பாருங்கள்: இலட்சத்துக்கும் மேல் மறை எண் வரும். இல்லாத மனிதர்கள் முகாமுக்கு நடந்து வந்தார்கள் என்றாகிறது.

2011 இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012 இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000 இற்கு மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது. இரண்டும் உருண்டைத் தொகைகள். ஆயரின் கழித்தலைப் பெயர் பெயராகச் சரிபார்க்க எந்த அரசும் முன்வரவில்லை. அவர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார்.