கடலுக்குப் போகாத கடற்படை அமைச்சர்

கடந்த ஆண்டு லண்டனுக்குச் சென்றிருந்தபோது, என் தங்கையின் மகள் படிக்கும் பாடசாலையில் ஓர் இசை நாடகத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. பதின்மூன்று வயதுப் பிள்ளை. நாடகத்திற்கு முதல் நாள், உனக்கு என்ன வேடம் என்று கேட்டேன். "கடற்படை அமைச்சரின் மச்சாள்மாரில் ஒருத்தி, மாமா" என்றாள். அமைச்சர் எங்கு சென்றாலும் அவருடைய சகோதரிகளும் மச்சாள்மாரும் மாமிமாரும் பெருங்கூட்டமாகப் பின்தொடர்வார்களாம். எமது நாட்டு அரசியலை அவதானித்து வரும் வாசகர்களுக்கு இதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது என்ற ஐயம் எழக்கூடும்.

நாடகத்தின் பெயர் 'எச்.எம்.எஸ். பினபோர்'. டபிள்யூ. எஸ். கில்பேர்ட் வசனமும் பாடல்களும் எழுத, ஆர்தர் சலிவன் இசையமைத்தது. 1878ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி லண்டன் ஒபெரா கொமிக் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. பினபோர் என்பது சிறுமியர் சட்டை அழுக்காகாமல் இருக்க மேலே அணியும் முன்னாடை. பிரித்தானிய மகாராணியின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதிலேயே கில்பேர்ட்டின் குறும்பு ஆரம்பித்துவிடுகிறது.

இவ்வகை நாடகத்தை மேற்கில் ஒப்பரேட்டா என்பார்கள். ஒபெராவின் கனமான கதையும் ஓயாத பாட்டும் இதில் இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வசனம் பேசப்படும். கதை இலேசானது, முடிவு மங்களமானது. வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை இரவிரவாக விழித்திருந்து பார்த்த தலைமுறைக்கு, பாட்டும் வசனமும் கலந்து ஓடும் வடிவம் புதிதன்று. ஆனால் இங்கு அழுவதற்கு எதுவுமில்லை.

கப்பற் தலைவன் கொர்கொரனின் மகள் ஜோசபின், ரால்ப் என்ற சாதாரண மாலுமியைக் காதலிக்கிறாள். அவளை மணமுடிக்க விரும்புகிறார் கடற்படை அமைச்சர் சேர் ஜோசப் போர்ட்டர். காதலர்கள் கப்பலை விட்டு ஓட முயன்று பிடிபடுகிறார்கள். அவ்வேளையில், கப்பல்களுக்குச் சிறுபடகில் வந்து சாமான் விற்கும் பட்டர்கப் என்ற பெண் ஒரு பழைய இரகசியத்தை உடைக்கிறாள். முன்னொரு காலத்தில் தான் பிள்ளை வளர்த்தபோது இரு குழந்தைகளை மாற்றிவிட்டாளாம். உயர்குலக் குழந்தை ரால்ப், எளிய குடும்பத்துக் குழந்தை கொர்கொரன். அக்கணமே மாலுமி கப்பற் தலைவனாகிறான், தலைவன் மாலுமியாகிறான். தகுதி இறங்கிவிட்ட ஒருவரின் மகளை மணப்பது தமக்கு அழகல்ல என்று அமைச்சர் விலகிக்கொள்கிறார். காதலர்கள் சேர்கிறார்கள்.

கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் இங்கே சற்றுத் தயங்குவார்கள். ஒரே காலத்தில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் என்றால், காதலனுக்கும் காதலியின் தந்தைக்கும் ஒரே வயதாக அல்லவா இருக்க வேண்டும்? கில்பேர்ட் இதை அறியாமல் எழுதவில்லை. பிறப்பினால் மனிதருக்குத் தகுதி உண்டு என்று நம்பும் சமூகம் இதையும் நம்பட்டும் என்பதே அவரது பரிகாசம்.

ஆனால் அன்றைய பார்வையாளரை அதிகம் சிரிக்க வைத்தவர் அமைச்சர்தான். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பாராளுமன்றம் சென்று, கட்சி சொன்ன பக்கமெல்லாம் கையுயர்த்தி, அதற்குப் பரிசாகக் கடற்படை முழுவதற்கும் அதிபதியான கதையை அவரே பெருமையுடன் பாடுகிறார். மேசையை விட்டு நகராமலும் கடற்பக்கம் தலைவைத்துப் படுக்காமலும் இருந்தால் நீங்களும் இப்படி உயரலாம் என்பது அவர் இளைஞருக்கு வழங்கும் புத்திமதி.

இது யாரைப் பற்றியது என்று லண்டனில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1877 ஓகஸ்ட்டில் பிரதமர் டிஸ்ரேலி கடற்படை அமைச்சராக நியமித்தவர் டபிள்யூ. எச். ஸ்மித். புகையிரத நிலையங்களில் பத்திரிகையும் புத்தகமும் விற்கும் கடைகளை நாடெங்கும் நிறுவியவர். 1868இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் மெய்யியலாளர் ஜோன் ஸ்ருவர்ட் மில்லைத் தோற்கடித்துப் பாராளுமன்றம் புகுந்தவர். வியாபாரத்தில் வல்லவர், கடற்படை அனுபவம் அற்றவர். நாடகம் வந்த பின்னர் 'பினபோர் ஸ்மித்' என்ற பட்டப்பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. பத்திரிகை விற்றவரைப் பத்திரிகைத் தொழிலாளியான நான் பரிகசிப்பது நன்றியன்று. அவருடைய நிர்வாகம் மோசமானதென்று சொல்வதற்கும் இல்லை. ஆயினும் பட்டப்பெயர் நிர்வாகத் திறமையைப் பார்த்து வருவதில்லையே.

பதவியில் இருக்கும் அமைச்சரை மேடையில் பரிகசிப்பது அன்றைய இங்கிலாந்தில் இலகுவான காரியமாக இருக்கவில்லை. அரச மாளிகை அதிகாரியான சேம்பர்லேன் பிரபுவின் அலுவலகத்திற்கு நாடகப் பிரதியை முன்கூட்டியே அனுப்பி உரிமம் பெறவேண்டும். இந்த முறை 1968 வரை நீடித்தது. கில்பேர்ட் அதில் ஏற்கனவே சூடு கண்டவர். 1873 மார்ச்சில் கோர்ட் அரங்கில் மேடையேறிய 'த ஹப்பி லாண்ட்' என்ற நாடகத்தை இன்னொருவருடன் சேர்ந்து புனைபெயரில் எழுதினார். அதில் மூன்று நடிகர்கள், பிரதமர் கிளாட்ஸ்டனையும் அவரது அமைச்சர்கள் இருவரையும் அச்சொட்டாக ஒத்த ஒப்பனையுடன் தோன்றினார்கள். உரிமம் பெற்ற பிரதியில் இல்லாத வசனங்களும் பேசப்பட்டன. சில நாட்களில் உரிமம் பறிக்கப்பட்டது. ஒப்பனையை மாற்றி, வசனங்களைக் குறைத்த பின்னரே நாடகம் மீண்டும் தொடர்ந்தது.

அந்தப் பாடம் பினபோரில் தெரிகிறது. 1877 டிசம்பரில் சலிவனுக்கு எழுதிய கடிதமொன்றில் கில்பேர்ட் கதைச் சுருக்கத்தை விளக்குகிறார். இதில் தனிநபர் எவரும் குறிக்கப்படவில்லை என்றும், நாடகத்து அமைச்சர் தீவிர முற்போக்குவாதியாக இருப்பதால் பழைமைவாதக் கட்சியைச் சேர்ந்த ஸ்மித்தை எவரும் நினைக்கமாட்டார்கள் என்றும் சொல்கிறார். எழுதும்போது அவர் புன்னகைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். முகத்தைத் தொடவில்லை, பெயரைச் சொல்லவில்லை, கட்சியையும் மாற்றிவிட்டார். எஞ்சியிருந்தது உண்மை மட்டுமே.

கோடை வெப்பத்தில் பார்வையாளர் குறைந்து, நாடகம் நின்றுவிடும் நிலை வந்தது. ஓகஸ்ட் மாதத்தில் கொவென்ற் கார்டன் அரங்கில் நடந்த இசைநிகழ்ச்சிகளில் சலிவன் பினபோரின் இசைத் தொகுப்பொன்றை வாசிக்கச் செய்தார். கூட்டம் திரும்பிவந்தது. அந்த முதல் அரங்கேற்றம் மொத்தம் 571 காட்சிகள் ஓடியது. பணம் பெருகினால் சண்டையும் பெருகும். தயாரிப்பாளர் ரிச்சர்ட் டொய்லி கார்ட்டுடன் பிணங்கிய பங்காளிகள், 1879 ஜூலை 31ஆம் திகதி காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை அனுப்பிக் காட்சித் திரைகளையும் பொருட்களையும் அள்ளிச்செல்ல முயன்றார்கள். திரைமறைவில் மாலுமி வேடமிட்டவர்களுக்கு உண்மையான சண்டை வாய்த்தது. அமெரிக்காவிலோ 1878 நவம்பரில் பொஸ்டனில் ஆரம்பித்து, அனுமதியில்லாத குழுக்கள் ஏராளமாகப் பினபோரை மேடையேற்றின. ஆசிரியர்களுக்குச் சல்லிக்காசும் கிடைக்கவில்லை.

பாடசாலைப் பிள்ளைகளிடம் இந்நாடகம் சென்ற வழிதான் எனக்கு மிகச் சுவையாக இருக்கிறது. அக்கால லண்டனில் மரியாதையான குடும்பங்கள் பல நாடக அரங்கின் பக்கமே போகத் தயங்கின. பரிகாச நாடகங்களில் பெண்கள் இறுக்கமான ஆடையுடன் ஆண் வேடமும், ஆண்கள் பெண் வேடமும் தரித்து இரட்டை அர்த்தம் பேசிய காலம் அது. கில்பேர்ட்டும் சலிவனும் இவற்றையெல்லாம் விலக்கினார்கள். தாயும் மகளும் அருகருகே அமர்ந்து பார்க்கக்கூடிய நாடகம் என்ற பெயரை எடுத்தார்கள். அந்தக் கண்ணியமே பின்னர் பாடசாலை வாசலைத் திறந்தது.

முதலில் திறந்தவர் கார்ட்தான். 1879 டிசம்பர் 16ஆம் திகதி முதல், பெரியவர்களின் மாலைக் காட்சி தொடர்ந்துகொண்டிருக்க, பகற்காட்சியாகச் சிறுவர்கள் மட்டுமே நடித்த பினபோரை அதே அரங்கில் மேடையேற்றினார். கப்பற் தலைவனும் அமைச்சரும் மாமிமாரும் எல்லோரும் பிள்ளைகள். அடுத்த ஆண்டு மார்ச் வரை அது ஓடியது.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் லூயிஸ் கரோல். 'ஆலிஸின் அற்புத உலக' ஆசிரியர், ஒக்ஸ்போர்ட்டில் கணிதம் கற்பித்தவர், திருச்சபைப் பணிக்கு நிலைப்படுத்தப்பட்டவர். சிறுவர் மேடைக்கு எதிரியல்லர், பிள்ளைகள் மேடையில் நடிப்பதை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதியவர். ஆலிஸ் பாடல்களுக்கு இசையமைக்குமாறு 1877இல் சலிவனையே கேட்டு, கைகூடாமற் போனவர். அத்தகையவர் 1888இல் எழுதிய கட்டுரையொன்றில், சிறுவர் பினபோரின் ஓரிடம் தம்மைச் சொல்லொணா வேதனைக்கு உள்ளாக்கியதாகக் கூறுகிறார். ஓடிப்போக முயன்ற மகளைக் கண்ட கப்பற் தலைவன் ஆத்திரத்தில் ஒரு சாபச் சொல்லை உதிர்த்துவிடுகிறான். நரகத்தோடு தொடர்புடைய சொல். அதைக் கேட்டுத் திடுக்கிட்ட கூட்டம், அவன் இன்ன சொல்லைச் சொன்னான் என்று பாட்டாகத் திருப்பிப் பாடுகிறது. மாசற்ற முகமுடைய சிறுமியர் சிரித்தபடி அச்சொல்லைப் பாடியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

இதே காட்சியில் அமைச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சாபச் சொல் காதில் விழுந்ததும் சேர் ஜோசப் கொதித்தெழுகிறார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. விளக்கம் சொல்ல முயன்ற தலைவனை வாய்திறக்க விடாமல் அறைக்குள் அடைக்கிறார். ஒரு சொல்லுக்காகக் கொந்தளிக்கும் அந்தப் போலி நாகரிகத்தைத்தான் கில்பேர்ட் பரிகசித்தார். கரோல் எழுந்து சென்று சேர் ஜோசப்பின் பக்கத்தில் நின்றுகொண்டார். பதவியிலிருந்த அமைச்சரைப் பற்றிய பாட்டைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பாடியது அந்தக் கட்டுரையில் அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் இத்தகையவர்களை நான் நேரிலும் சந்தித்திருக்கிறேன். போர்க்காலத்தில் செய்திகளைத் தணிக்கைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த இரவுகள் நினைவில் உண்டு. திரும்பிவரும் தாளில் சில சொற்கள் மட்டும் கறுப்பு மையால் அடிபட்டிருக்கும். ஓர் இரவு 'ஷெல்' என்ற சொல் ஆறு இடங்களில் வெட்டுப்பட்டிருந்தது. எத்தனை குடும்பங்கள் எந்தப் பாடசாலையில் தஞ்சமடைந்தன என்ற வரி அப்படியே இருந்தது. மறுநாள் வாசகர்கள் அந்த வரியிலிருந்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார்கள்.

பினபோர் பிள்ளைகளுக்கு ஏற்றதாக அமைந்ததற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. இரு அங்கங்களுக்கும் ஒரே காட்சிதான், கப்பலின் மேற்றளம். முதலில் பகல், பிறகு நிலவு. மாலுமிகள் ஒருபுறம், அமைச்சரின் உறவுப் பெண்கள் மறுபுறம் என இரு பெரும் குழுக்கள் இருப்பதால், வகுப்பில் எவரையும் வேண்டாம் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியக் குழு இல்லாவிடின் ஒரு பியானோ போதும். அமைச்சர் வேடத்திற்குப் பெரிய குரல் தேவையில்லை, உச்சரிப்புத் தெளிவும் முகத்தில் அகந்தையும் இருந்தால் சரி. குரல் உடையும் பருவத்துப் பையன்களுக்கு ரால்ப்பின் பாடல்கள்தான் சோதனை. ஜோசபின் பகுதியும் அப்படியே, தேர்ந்த குரலையே களைப்படையச் செய்வது.

கில்பேர்ட் 1911இல் காலமானார். அதன் பின்னரும் பிரித்தானியாவில் தொழில்முறை மேடையேற்றம் கார்ட் குடும்பத்துக் கம்பனியின் ஏகபோகமாகவே இருந்தது. பயில்முறைக் குழுக்களும் பாடசாலைகளும் அனுமதி பெற்று நடித்தன. 1961 முடிவில் பதிப்புரிமை காலாவதியானபோது, கதையை மாற்றலாம், பாட்டைக் குறைக்கலாம், யாருக்கும் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்ற நிலை வந்தது. 1968இல் லண்டன் பாடசாலையொன்றுக்காகவே அன்ட்ரூ லொயிட் வெபரும் ரிம் றைசும் எழுதிய 'ஜோசப்' இசை நாடகத்தை மேடையேற்றுவதானால் இன்றும் உரிமக் கட்டணம் உண்டு. பாடசாலை வரவுசெலவில் இது சிறிய விடயமன்று.

இனி, நான் பார்த்த நாடகத்திற்கு வருகிறேன். கப்பலின் பாய்மரக் கயிறுகளில் ஒன்று முதல் அங்கத்திலேயே அறுந்து விழுந்தது. அமைச்சராக நடித்தவள் ஒரு சிறுமி. மார்பு நிறையப் பதக்கங்கள். தன் உயர்ச்சிக் கதையை அவள் பாடியபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உள்ளூராட்சி மன்றப் பிரமுகர் உட்பட மண்டபமே சிரித்தது. ஒரு வரியும் குறைக்கப்படவில்லை. மருமகள் மாமிமார் கூட்டத்தின் இரண்டாம் வரிசையில் நின்று விசிறியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில், கப்பற் தலைவன் கோபத்தில் சொன்னது என்ன சொல் என்று அவளிடம் கேட்டேன். சரியாகக் காதில் விழவில்லை என்றேன்.

"அதை ரீச்சர் மாத்திப்போட்டா, மாமா" என்றாள். "சின்னப் பிள்ளையள் பாடக்கூடாதாம்."